பனகல் அரசர்: இரட்டையாட்சிக் காலத்து மாகாண அமைச்சர்

பானகண்டி ராமராய நிங்கார் என்ற இயற்பெயரைவிடப் பனகல் அரசர் என்ற பெயராலேயே வரலாற்றில் அறியப்படுபவர், 1921 ஜூலை 11 முதல் 1926 டிசம்பர் தொடக்கம் வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். இன்றைய முதலமைச்சருக்கு உள்ள அதிகாரத்தில் பாதிகூட அன்று அந்தப் பதவிக்கு இல்லை. போலீஸ், நீதி, நிலவரி, பாசனம், நிதி ஆகிய அனைத்தும் ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் இருந்தன. மிஞ்சிய துறைகளை வைத்துக்கொண்டு ஐந்தரை ஆண்டுகளில் அவர் ஏற்படுத்திய அமைப்புகள் பல, பெயரும் வடிவும் மாறினாலும் இன்றும் இயங்குகின்றன. கோயில் நிர்வாகத்தில் அரசின் பங்கு, அரசுப் பணியில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம், அரசு நடத்தும் சித்த, ஆயுர்வேதக் கல்வி, சென்னையின் தியாகராய நகர் ஆகிய நான்கில் எதன் தொடக்கத்தைத் தேடிப் போனாலும் இவருடைய அமைச்சரவைக்கு வந்து சேரலாம்.

அவர் 1866 ஜூலை 9 அன்று காளஹஸ்தியில் வெலமா குலத்து ஜமீன் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சமஸ்கிருதம் படித்துப் பட்டம் பெற்றார், பின்னர் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அக்காலத்து ஜமீன் வாரிசுகள் பலர் வீட்டில் ஆசிரியர் வைத்து ஓரளவு ஆங்கிலம் கற்றதோடு நின்றுவிட்டனர். ராமராய நிங்கார் பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதித் தேறியவர். பிற்காலத்தில் சட்டசபையில் கோயில் மசோதாவைக் கொண்டுவந்தபோது, சாஸ்திரம் தெரியாதவர் சமய விஷயத்தில் கை வைக்கிறார் என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிட முடியாமல் போனதற்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம்.

அவருடைய அரசியல் நுழைவு நிலவுடைமையாளர் பிரதிநிதியாகத் தொடங்கியது. 1912இல் தென்னிந்திய ஜமீன்தார்களின் சார்பில் இந்திய அரசின் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1915 வரை அங்கே இருந்தார். அதே 1915இல் விசாகப்பட்டினத்தில் கூடிய ஆந்திர மகாசபைக்குத் தலைமை தாங்கினார். தெலுங்கர்களுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்ற கோரிக்கை அப்போதுதான் உருப்பெற்று வந்தது. ஆக, 1917இல் அவர் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தில், அதாவது நீதிக்கட்சியில் சேர்ந்தபோது, நிலவுடைமையாளர், தெலுங்கர், பிராமணரல்லாதார் என்ற மூன்று அடையாளங்களும் அவரிடம் இருந்தன. பிற்காலத்தில் கட்சிக்குள் அவருக்கு வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் இடையிலான இழுபறியிலிருந்தே வந்தன.

நீதிக்கட்சியின் வழக்கு புள்ளிவிவரத்தில் நின்றது. மாகாண மக்கள்தொகையில் ஏறக்குறைய 3 சதவீதமாக இருந்த பிராமணர்கள், 1912 கணக்கின்படி டெபுடி கலெக்டர் பதவிகளில் 55 சதவீதத்தையும், ஜில்லா முன்சீப் பதவிகளில் 72 சதவீதத்துக்கு மேலும், சப்-ஜட்ஜ் பதவிகளில் 83 சதவீதத்தையும் வகித்தனர். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை இந்தக் கணக்கை மக்கள் முன் வைத்தது. டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோர் கட்சியின் மற்ற இரு தூண்கள். நாயர் 1919இல் லண்டனில் இறந்துபோனார். ஆட்சி கைக்கு வந்த நேரத்தில் கட்சியின் கூர்மையான பேச்சாளர் இல்லை.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தது. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், மருத்துவம், விவசாயம், தொழில் வளர்ச்சி, கலால், அறநிலையங்கள் போன்றவை 'மாற்றப்பட்ட' துறைகளாகி, சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன. மற்றவை 'ஒதுக்கப்பட்ட' துறைகளாக ஆளுநரிடமே நின்றன. கஞ்சம் முதல் மலபார் வரை பரந்து, 4 கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 12.5 லட்சம் பேர். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு. 1920 நவம்பர் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. 98 இடங்களில் 63ஐ நீதிக்கட்சி பிடித்தது.

ஆளுநர் வெலிங்டன் பிரபு தியாகராயச் செட்டியாரை அழைத்தார். அவர் பதவியை மறுத்துவிட்டு, கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியாரின் பெயரைச் சொன்னார். 1920 டிசம்பர் 17 அன்று ரெட்டியார் முதன்மை அமைச்சரானார். ராமராய நிங்கார் உள்ளாட்சித் துறையையும், கே.வி. ரெட்டி நாயுடு வளர்ச்சித் துறையையும் ஏற்றனர். ஏழு மாதத்திற்குள் உடல்நலம் கெட்டு ரெட்டியார் விலகினார். அந்த இடத்துக்கு உள்ளாட்சி அமைச்சர் உயர்ந்தார். காலியான மூன்றாவது இடத்தில் ஏ.பி. பாத்ரோ வந்து கல்வித் துறையைப் பெற்றார். ராமராய நிங்காருக்கு அரசாங்கம் 'ராஜா' பட்டம் அளித்த பின் பனகல் ராஜா, பனகல் அரசர் என்ற பெயர்களே நிலைத்தன. முதன்மை அமைச்சரானபோதும் உள்ளாட்சித் துறையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குத் தக்க காரணம் இருந்தது.

இரட்டையாட்சியில் அமைச்சர்களின் கைகள் எவ்வளவு கட்டுண்டிருந்தன என்பதை ரெட்டி நாயுடுவே பின்னாளில் எடுத்துச் சொன்னார். அவர் விவசாய அமைச்சர், ஆனால் பாசனம் அவரிடம் இல்லை. தொழில் அமைச்சர், ஆனால் தொழிற்சாலைகளும் கொதிகலன்களும் மின்சாரமும் சுரங்கமும் தொழிலாளர் விவகாரமும் அவரிடம் இல்லை. நிதி முழுவதும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் கையில் இருந்தது. அமைச்சர் வரையும் திட்டம் எதுவும் அவர் மேசையைக் கடந்தாக வேண்டும். மற்ற மாகாணங்களில் இந்த ஏற்பாடு அடிக்கடி முறிந்தது. சென்னையில் முறியாமல் ஓடியதற்கு வெலிங்டனின் போக்கு ஒரு காரணம். முதன்மை அமைச்சரைக் கேட்டே பிற அமைச்சர்களை நியமிப்பது, நிர்வாகக் குழுவையும் அமைச்சர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது என்ற வழக்கங்களை அவர் ஏற்படுத்தினார். சட்டத்தில் இல்லாத ஒரு முதலமைச்சர் பதவி நடைமுறையில் உருவானது இப்படித்தான்.

உள்ளாட்சித் துறை அந்தக் கட்டுண்ட நிலையிலும் உயிருள்ள துறை. 1920இல் இயற்றப்பட்ட சென்னை உள்ளாட்சி மன்றங்கள் சட்டமும் ஜில்லா நகராட்சிகள் சட்டமும் தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, நகரசபை ஆகியவற்றுக்குப் புதிய அதிகாரங்களைத் தந்திருந்தன. சாலை, பள்ளி, மருத்துவமனை, சந்தை, சத்திரம், குடிநீர் என்று ஊர் மக்களின் அன்றாடத்தோடு சம்பந்தப்பட்ட செலவெல்லாம் இவற்றின் வழியே நடந்தது. ஒப்பந்தங்கள் இங்கே இருந்தன, வாத்தியார் வேலைகள் இங்கே இருந்தன, ஊரில் மரியாதை இங்கே இருந்தது. பல போர்டுகளின் தலைவர்களையும், எல்லாப் போர்டுகளிலும் ஒரு பகுதி உறுப்பினர்களையும் நியமிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இருந்தது. கட்சிக்குக் கிளைகளோ தொண்டர் படையோ பெரிதாக இல்லாத காலத்தில், இந்த நியமனங்களே கட்சியின் எலும்புக்கூடாயின. ஆதரவாளருக்குப் பதவி, எதிர்த்தவருக்கு ஏமாற்றம் என்ற முறையில் பனகல் அரசர் மாகாணம் முழுவதும் ஒரு பிணைப்பை உருவாக்கினார். சட்டசபையில் அவருடைய பெரும்பான்மை காப்பாற்றப்பட்டது இதனால்தான். பதவி கிடைக்காதவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் பகைவர்களாகச் சேர்ந்துகொண்டே போனதும் இதனால்தான். ஒரு கட்சியைச் சலுகைகளால் கட்டினால், சலுகை தீரும் நாளில் கட்சியும் தீரும் என்பதை 1926 தேர்தல் காட்டிவிட்டது.

1921 செப்டம்பர் 16 அன்று முதல் வகுப்புவாரி அரசாணை வெளிவந்தது. அதைப் பற்றி இன்று பேசுவோர் பலர், அந்த ஆணையே வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டதாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது செய்தது இன்னும் அடக்கமான வேலை. வருவாய்த் துறை நியமனங்களில் எல்லா வகுப்பாருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு நிலையாணை இருந்தது. அதை எல்லாத் துறைகளுக்கும் விரித்து, யார் யார் எந்தெந்த வகுப்பிலிருந்து நியமிக்கப்பட்டார்கள் என்று ஒவ்வொரு துறைத் தலைவரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டது. 1922 ஆகஸ்டில் இரண்டாவது ஆணை வந்தது. அரசுக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்குக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1924இல் ஊழியர் தேர்வு வாரியம் ஏற்பட்டது. அதிகாரி ஒருவர் தம் விருப்பப்படி தம் உறவினரைக் குமாஸ்தாவாக்கும் வழியை அடைப்பதே அதன் நோக்கம்.

பலன் மெதுவாகவே வந்தது. செயலகத்தில் இருந்த அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை, ஆளுநர் தரப்பும் அவசரப்படவில்லை. பத்திரிகைகள் வகுப்புவெறி என்று எழுதின, கட்சிக்குள் இருந்தவர்களோ போதாது என்று குறை சொன்னார்கள். பன்னிரண்டு இடங்களில் யாருக்கு எத்தனை என்று சுழற்சி முறை வகுத்து நடைமுறைப்படுத்தும் பெருமை 1928இல் எஸ். முத்தையா முதலியாருக்குக் கிடைத்தது. ஆனால் கணக்குக் கேட்கும் பழக்கம் 1921இல் தொடங்கியிராவிட்டால், பங்கிடுவதற்கு எண்ணே இருந்திராது. இடஒதுக்கீட்டின் வரலாற்றில் இந்த முதல் படியைக் குறைத்து மதிப்பிடுவது சரியன்று.

மருத்துவக் கல்லூரியில் சேர சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியைப் பனகல் அரசர் நீக்கினார் என்பது திராவிட இயக்க மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. அவர் சமஸ்கிருதத்தை வெறுத்தவர் என்று இதிலிருந்து முடிவுகட்டுபவர்கள், அவரே அந்த மொழியில் பட்டம் பெற்றவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் வகுப்புவாரி அரசாணை வந்த அதே 1921ஆம் ஆண்டில்தான் அவருடைய ஆட்சியின் மிகப் பெரிய தோல்வியும் நிகழ்ந்தது. ஜூன் மாதம் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டு அக்டோபர் வரை நீடித்தது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம்களும் வேலைநிறுத்தத்தில் நிற்க, ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மோதல்களும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன. போலீசும் தொழிலாளர் துறையும் ஒதுக்கப்பட்ட துறைகள் என்பதால் அமைச்சர்கள் நேரடியாகச் செய்யக்கூடியது குறைவு என்பது உண்மை. ஆனால் நீதிக்கட்சியின் தலைமை ஒரு நிலைப்பாட்டை எடுத்தது, அது தவறான நிலைப்பாடு. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதே கலவரத்துக்குக் காரணம் என்று தியாகராயச் செட்டியார் உள்ளிட்டோர் பேசினர். கட்சியின் வாக்காளர்கள் சாதி இந்துக்கள், அவர்களைப் பகைக்க யாரும் தயாராக இல்லை. கட்சியோடு இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் வெளியேறினார். பிராமணரல்லாதார் என்ற ஒரே குடையின் கீழ் யாருக்கு நிழல், யாருக்கு வெயில் என்ற கேள்வி அன்றைக்கே வெளிப்படையாக எழுந்துவிட்டது.

ஆயினும் அதே சட்டசபையில் ஆதிதிராவிடர் தொடர்பான இரண்டு முக்கியமான முடிவுகள் நிறைவேறின. பழைய இழிபெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று வழங்க வேண்டும் என்ற எம்.சி. ராஜாவின் தீர்மானம் 1922இல் அரசாணையானது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எந்தச் சாதியாரும் பயன்படுத்தத் தடையில்லை என்ற இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம் 1924இல் நிறைவேறி, பனகல் அரசரின் உள்ளாட்சித் துறை வழியே அரசாணையாக வந்தது. இரண்டையும் முன்மொழிந்தவர்கள் ஆதிதிராவிடத் தலைவர்கள். அமைச்சரவை தடுக்காமல் ஏற்றுச் செயல்படுத்தியது, அவ்வளவே. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானம் 1921 ஏப்ரலில், ரெட்டியார் முதன்மை அமைச்சராக இருந்தபோதே நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதில் சென்னையே முந்தியது.

பனகல் அரசரின் பெயரோடு என்றும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது இந்து சமய அறநிலையச் சட்டம். அதன் முன்கதை நூறாண்டு நீளம் உடையது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறை கோயில்களின் சொத்துகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. கலெக்டர்கள் கோயில் நிலங்களைக் குத்தகைக்கு விட்டனர், திருவிழாக்களுக்குப் பணம் ஒதுக்கினர். கிறித்தவ அரசு சிலை வணக்கத்தை நடத்துவதா என்று இங்கிலாந்தில் பாதிரிமார்கள் எழுப்பிய எதிர்ப்பினால் 1840களில் கம்பெனி கைகழுவத் தொடங்கியது. திருப்பதி கோயில் ஹாதிராம்ஜி மடத்து மகந்தின் கைக்குப் போனது அந்தச் சமயத்தில்தான். 1863ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் விலகலை முழுமையாக்கியது. ஆங்காங்கே கோயில் கமிட்டிகள் அமைக்கப்பட்டன, அவற்றின் உறுப்பினர்களுக்கோ ஆயுள் முழுதும் பதவி. தர்மகர்த்தா கணக்குக் காட்டாவிட்டால் பக்தர் ஒருவர் தம் கைக்காசைச் செலவழித்து நீதிமன்றம் போக வேண்டும். நிலங்கள் தர்மகர்த்தாக்களின் பெயருக்கு மாறின, நகைகள் காணாமல் போயின, மடங்களின் வருமானம் வழக்குகளிலும் ஆடம்பரத்திலும் கரைந்தது. இதைச் சீர்செய்ய 19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் சென்னையில் மசோதா மேல் மசோதாவாக வந்தது. சமயத்தில் தலையிட மாட்டோம் என்ற கொள்கையைக் காட்டி அரசு ஒவ்வொன்றையும் கிடப்பில் போட்டது.

இந்தியர் ஒருவர் அமைச்சரானதும் அந்தச் சாக்கு செல்லாமல் போனது. 1922 டிசம்பரில் பனகல் அரசர் மசோதாவைச் சட்டசபையில் வைத்தார். மையமாக ஒரு வாரியம், அதற்குத் தலைவரும் ஆணையர்களும், மாவட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் கோயில் கமிட்டிகள், ஆண்டுதோறும் வரவு செலவுத் தணிக்கை, வாரியத்தின் செலவுக்காக ஒவ்வொரு கோயிலும் தன் வருமானத்தில் ஒரு சிறு பங்கு தருதல், தவறு செய்யும் அறங்காவலரை நீக்கவும் நிர்வாகத் திட்டம் வகுக்கவும் வாரியத்துக்கு அதிகாரம், உபரி வருமானத்தைச் சமயம், கல்வி, தருமம் சார்ந்த காரியங்களுக்குத் திருப்ப வழி ஆகியவை அதன் சாரம். பூசையிலும் ஆகமத்திலும் சம்பிரதாயத்திலும் கை வைப்பதில்லை, சொத்து நிர்வாகமே நோக்கம் என்பது அரசுத் தரப்பின் நிலை.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மடாதிபதிகள் மனு அனுப்பினார்கள், தூது போனார்கள். பரம்பரை அறங்காவலர்கள், வழக்கறிஞர்கள், பிராமணத் தலைவர்கள், பெரிய பத்திரிகைகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. கட்சிக்காரர்களுக்குப் பதவி கொடுக்க இன்னொரு கருவி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. உள்ளாட்சியில் பனகல் அரசர் நடந்துகொண்ட முறையைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் வந்ததில் வியப்பில்லை. எதிர்த்தவர்களில் பிராமணரல்லாத ஜமீன்தார்களும் ஆதீனங்களும் இருந்தார்கள் என்பதையும், ஆதரித்தவர்களில் நிர்வாகச் சீர்கேட்டைக் கண்டு வருந்திய பிராமணர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். காங்கிரசில் இருந்த காலத்திலேயே ஈ.வெ. ராமசாமி இந்த முயற்சியை ஆதரித்தார்.

மசோதா 1923இல் சட்டசபையில் நிறைவேறி வைஸ்ராயின் ஒப்புதலுக்குப் போயிற்று. அங்கிருந்து திருத்தங்களோடு திரும்பி, மறுபடியும் விவாதிக்கப்பட்டு, 1925ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. வாரியத்தின் முதல் தலைவராக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் டி. சதாசிவ ஐயர் அமர்த்தப்பட்டார். சட்டம் பிராமணர்களுக்கு எதிரானது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. அது நல்ல தேர்வு. மடங்கள் சும்மா இருக்கவில்லை. சட்டம் நிறைவேற்றப்பட்ட முறையே செல்லாது என்று வழக்குகள் தொடரப்பட்டன. ஐயத்துக்கு இடமில்லாதபடி முழுச் சட்டத்தையும் மறுபடி இயற்றுவதே வழி என்று அரசு முடிவுசெய்தது. அப்படி வந்தது 1926ஆம் ஆண்டுச் சட்டம், 1927இன் இரண்டாவது சட்டமாகப் பதிவானது. பதவிக்காலத்தின் கடைசி மாதங்களை, தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அவர் இந்த ஒரே வேலைக்குச் செலவிட்டார். அவருடைய பிடிவாதத்தின் அளவை இதிலிருந்து அறியலாம்.

மருத்துவத்தில் அவர் செய்த வேலைக்கு இவ்வளவு எதிர்ப்பு இல்லை. 1921இல் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். அவர் மேலை மருத்துவம் படித்தவர், ஆயுர்வேதத்திலும் தேர்ச்சி உடையவர். வைத்தியர்களிடமிருந்தும் ஹக்கீம்களிடமிருந்தும் சான்றுகளைத் திரட்டி இந்தக் குழு அளித்த அறிக்கை, நாட்டு மருத்துவத்துக்கு அரசு ஆதரவு வேண்டும் என்றது. அதன் பலனாகக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி உருவாயிற்று. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் உடற்கூறு போன்ற நவீனப் பாடங்களோடு சேர்த்துக் கற்பித்த அந்தப் பள்ளிக்குச் சீனிவாசமூர்த்தியே முதல்வரானார். இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளியில் இருக்கிறது. அதுவரை வீட்டுத் திண்ணையிலும் ஏட்டுச்சுவடியிலும் இருந்த சித்த மருத்துவத்துக்குப் பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் அரசு வழியில் கிடைக்கத் தொடங்கியது இங்கிருந்துதான்.

கல்வி அமைச்சர் பாத்ரோவின் பொறுப்பில் 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டமும், 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகமும் வந்தன.

சென்னை நகரம் இன்று காணும் வடிவத்தில் அந்த அமைச்சரவையின் கை தெரியும் இடம் தியாகராய நகர். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் உள்ளாட்சித் துறையின் கீழ் வந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மவுண்ட் சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதியை வற்றவைத்து, மாம்பலத்தில் திட்டமிட்ட குடியிருப்பு ஒன்றை எழுப்ப 1923 வாக்கில் வேலை தொடங்கியது. நடுவில் பூங்கா, அதிலிருந்து நாற்புறமும் பிரியும் அகலமான சாலைகள், மனைகளுக்கிடையே இடைவெளி என்று அமைந்த அந்தப் பகுதிக்கு, 1925இல் மறைந்த தியாகராயச் செட்டியாரின் பெயர் சூட்டப்பட்டது. உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, தணிகாசலம் சாலை, நடேசன் பூங்கா, சிவஞானம் பூங்கா என்று அந்தக் காலத்துத் தலைவர்களின் பெயர்ப்பட்டியல் அங்கே தெருத்தெருவாக நிற்கிறது. மையப் பூங்காவுக்குப் பனகல் பூங்கா என்று பெயர். ஏரியைத் தூர்த்து மனையாக்குவதில் அன்று யாருக்கும் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பகுதி மக்கள் படும் பாட்டைப் பார்க்கும்போது, அந்தத் தயக்கம் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது.

1923 இறுதியில் இரண்டாவது தேர்தல் வந்தது. காங்கிரசிலிருந்து கிளைத்த சுயராஜ்யக் கட்சி களத்தில் இறங்கியது, சத்தியமூர்த்தி போன்றவர்கள் சட்டசபைக்கு வந்தனர். நீதிக்கட்சியின் பலம் குறைந்தது, ஆனாலும் அதுவே பெரிய குழுவாக இருந்தது. ஆபத்து உள்ளிருந்து வந்தது. 1921இல் அமைந்த அமைச்சரவையில் பனகல் அரசர், ரெட்டி நாயுடு, பாத்ரோ மூவருமே தெலுங்கு மாவட்டங்களோடு தொடர்புடையவர்கள். தமிழ் உறுப்பினர்களின் மனக்குறை வெளிப்படையானது. நடேச முதலியார் போன்ற மூத்தவர்களே ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தார்கள். ரெட்டி நாயுடுவின் இடத்தில் திருநெல்வேலி டி.என். சிவஞானம் பிள்ளையை அமர்த்தியும் கோபம் தணியவில்லை. சி.ஆர். ரெட்டி தலைமையில் ஒரு பிரிவு பிரிந்து சென்றது. 1923 நவம்பர் 27 அன்று சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அமைச்சர்கள் தன்னிச்சையாக நடக்கிறார்கள், நியமனங்களில் பாரபட்சம் காட்டுகிறார்கள் என்பவை முக்கியக் குற்றச்சாட்டுகள். இருபதுக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. நியமன உறுப்பினர்களின் வாக்கு அமைச்சரவைக்குத் துணை நின்றது. இந்திய மாகாணச் சட்டசபைகளில் ஓர் அமைச்சரவை இத்தகைய வாக்கெடுப்பை எதிர்கொண்டது இதுவே முதல் முறை என்பர்.

தியாகராயச் செட்டியார் மறைந்த பிறகு கட்சித் தலைமையும் பனகல் அரசரிடம் வந்தது. ஆட்சியையும் கட்சியையும் ஒருவரே சுமந்தார். ஊர் ஊராகக் கிளை அமைக்கவோ, வாக்குரிமை இல்லாத பெருந்திரளான மக்களிடம் போகவோ கட்சி முயலவில்லை. 1926 நவம்பர் தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பிடிக்க, நீதிக்கட்சி 21 இடங்களோடு நின்றது. காங்கிரஸ் கொள்கைப்படி சுயராஜ்யக் கட்சியினர் பதவி ஏற்கவில்லை. பனகல் அரசரும் சிறுபான்மை அமைச்சரவை அமைக்க மறுத்தார். ஆளுநர் கோஷன் பிரபு, குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயனை அழைத்துச் சுயேச்சைகளின் அமைச்சரவை ஒன்றை உருவாக்கினார்.

எதிர்வரிசையில் உட்கார்ந்தபோதுதான் பனகல் அரசரின் சட்டசபைத் திறமை முழுமையாக வெளிப்பட்டது. 1928இல், அரசியல் சீர்திருத்தங்களை ஆராய வந்த சைமன் குழுவைப் புறக்கணிப்பதா வரவேற்பதா என்ற கேள்வியில் சுப்பராயனின் அமைச்சரவை உடைந்தது. ஏ. ரங்கநாத முதலியாரும் ஆர்.என். ஆரோக்கியசாமி முதலியாரும் விலகினார்கள். கவிழ இருந்த அமைச்சரவைக்கு நீதிக்கட்சியின் ஆதரவைக் கொடுத்தவர் பனகல் அரசர். அதற்கு ஈடாக அவர் பெற்றவை சிறியவை அல்ல. நீதிக்கட்சியின் எம். கிருஷ்ணன் நாயர் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினரானார். நீதிக்கட்சியோடு இசைந்து போகக்கூடிய முத்தையா முதலியார் அமைச்சரானார். வகுப்புவாரி அரசாணை உண்மையில் உயிர் பெற்றது இந்த அமைச்சரவையில்தான். சைமன் குழுவை வரவேற்ற நிலைப்பாடு, தேசிய உணர்வு பெருகிவந்த காலத்தில் கட்சிக்குப் பெரும் கெட்ட பெயரை வாங்கித் தந்தது என்பதையும் மறைக்க முடியாது.

1928 டிசம்பர் 16 அன்று அவர் காலமானார். வயது 62. அவருக்கு அடுத்துக் கட்சித் தலைமைக்கு பி. முனுசாமி நாயுடு வந்தார். 1930 தேர்தலில் கட்சி மறுபடி வென்றபோதும், ஜமீன்தார்களுக்கும் அல்லாதாருக்கும் இடையே வெடித்த பூசலைத் தணிக்கப் பனகல் அரசரைப் போன்ற ஒருவர் அங்கே இல்லை. 1937 தேர்தலில் கட்சி படுதோல்வி அடைந்தது.

அவர் ஏற்படுத்திய அமைப்புகளுக்குக் கட்சியைவிட ஆயுள் நீண்டதாக அமைந்தது. ஊழியர் தேர்வு வாரியத்தின் இடத்தில் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை அரசுப் பணியாளர் தேர்வாணையம் வந்தது, இந்திய மாகாணங்களில் முதலாவதாக. வகுப்புவாரி அரசாணை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாததாக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பே அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு வழிவகுத்தது. அறநிலைய வாரியம் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுத் துறையாக மாறியது. அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மடம் வழக்கில் நீக்கியது. அதன் பின் 1959இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படியே தமிழ்நாட்டின் கோயில்கள் இன்றும் நிர்வகிக்கப்படுகின்றன.